ஒரு சொல், ஒரு சிலுப்பு

திண்டுக்கல்லில் நான் அவ்வப்போது எழுதிக் கொடுக்கும் சின்னப் பத்திரிகை ஒன்று இருக்கிறது. அதன் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கிற பெரியவர், என் தாள் வந்தாலே கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொள்வார். போன மாதம் நேரில் போயிருந்தேன். என் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

“தம்பி, இந்த ‘ழ’வுக்கு வால் எங்கன போய் முடியுதுன்னு பாத்துட்டு வர ஒரு ஆளை அனுப்பியிருக்கேன். போனவன் இன்னும் திரும்பலை. டீ சொல்லவா?”

சொல்லுங்கள் என்று வாயைத் திறப்பதற்குள் என் கழுத்து வலப்பக்கமாக ஒரு வெட்டு வெட்டியது.

“வேணாமா? சரி,” என்று அவர் வேலையைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

என் தலை இப்படி எத்தனையோ டீயை என்னைக் கேட்காமல் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. விஷயத்தைச் சொன்னேன். அவர் தாளைக் கீழே வைத்துவிட்டு, “அப்ப அதையே எழுதிக் குடுங்க. கோக்குற எனக்காவது காரணம் தெரியட்டும்,” என்றார். எழுதுகிறேன்.

எங்கள் ஊர் எரியோட்டுக்குப் பக்கம். மானம் பார்த்த பூமி. சோளமும் நிலக்கடலையும் விளைந்தால் விளைச்சல், இல்லாவிட்டால் ஆடு. மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் அய்யா ஆடு வாங்கி விற்க அய்யலூர்ச் சந்தைக்குப் போயாக வேண்டும். எங்கள் வீட்டில் அதுவரை பேனாவைத் தொட்டவர் கிடையாது. அய்யா கைநாட்டு. அய்யாவின் தம்பி, என் சின்னய்யா, அவரும் கைநாட்டு. அதுவும் சரியாக விழாது. கடலை பிடுங்கிப் பிடுங்கி ரேகை தேய்ந்துபோயிருந்தது. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் போகிறான் என்றால் அவன் கையெழுத்தாவது முத்து முத்தாக இருக்க வேண்டும் இல்லையா? கடவுள் வேறு மாதிரி நினைத்துவிட்டார்.

இரண்டாம் வகுப்பில் முதலில் கண் சிமிட்ட ஆரம்பித்தது. அப்புறம் கழுத்து. அப்புறம் தொண்டையில் ‘க்கும்’ என்று ஒரு சத்தம். கடைசியாக வலது கை. தோளில் ஓர் உதறல் கிளம்பும், முழங்கை வழியாக இறங்கி விரலுக்கு வந்து சேரும். சில மாதம் எல்லாம் அடங்கிக் கண் மட்டும் சிமிட்டும். போய்விட்டது என்று நினைப்பேன். அடுத்த மாதம் குடும்பத்தோடு திரும்பி வந்துவிடும்.

வேண்டுமென்றே செய்கிறாயா என்று கேட்காதவர்கள் இல்லை. தும்மலுக்கு முன்னால் மூக்கில் ஒரு குறுகுறுப்பு வருமே, அது கழுத்துக்குள் வந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அடக்கலாம். மனசு முழுவதையும் அதன் மேல் தூக்கி வைத்தால் செத்த நேரம் அடக்கலாம். அடக்கினதெல்லாம் அப்புறம் மடை உடைந்த மாதிரி சேர்ந்து வரும். இதற்கு டாக்டர்களிடம் ஏதாவது பெயர் இருக்கும். எங்கள் ஊரில் அப்போது இருந்த பெயர் ‘சேட்டை’.

சிலேட்டுக் காலம் வரை குடி முழுகவில்லை. கை உதறினால் குச்சி ஒரு கோடு இழுக்கும். எச்சிலைத் தொட்டு அழித்துவிட்டு மறுபடி எழுதலாம். ஐந்தாம் வகுப்பில் மைக்கூடும் தொட்டெழுதுகிற பேனாவும் வந்தன. அன்றைக்குப் பிடித்தது சனி. பேனாவை மையில் முக்கி எடுப்பேன். தாளுக்குக் கொண்டுபோவதற்குள் தோள் கிளம்பிவிடும். முன்பெஞ்சில் இருந்தவனுக்கு வருஷத்துக்கு இரண்டே சட்டை. இரண்டின் முதுகிலும் நட்சத்திரம் முளைத்தது. அவன் அம்மா பள்ளிக்கூட வாசலுக்கே வந்துவிட்டாள்.

“ஏலே, எம்புள்ள முதுகு என்ன உங்க வீட்டுச் சுவரா? வெள்ளையடிக்கவே எனக்கு வக்கில்ல, நீ நீலம் அடிக்கிறியா?”

மறுநாள் முதல் அவன் சட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வெறும் முதுகோடு உட்கார்ந்தான். முதுகு என்றால் கழுவிவிடலாம் என்பது அவன் கணக்கு.

இனி எழுத்து. ‘க’ என்று ஆரம்பித்தால் அதன் கால், கீழ்வரியில் இருக்கிற ‘ம’வின் வயிற்றைக் குத்திக்கொண்டு நிற்கும். கொம்பு போட்டால் கொம்பு முட்டும். உதறல் ஒரு பக்கம் இருக்க, இன்னொரு தொல்லையும் இருந்தது. ஒரு எழுத்து சரியாக உட்கார்ந்துவிட்டது என்று மனசுக்குப் படுகிற வரைக்கும் அதன் மேலேயே திரும்பத் திரும்ப எழுதுவேன். பார்க்கிறவர்களுக்கு எழுத்து நன்றாகத்தான் இருக்கும். எனக்குள் ஏதோ ஒன்று ‘இன்னும் ஒரு தடவை’ என்று சொல்லும். எழுதுவேன். ‘இன்னும்’ என்னும். தாள் கிழிந்து அந்தப் பக்கத்துப் பாடம் எட்டிப் பார்க்கும். எங்கள் வாத்தியார் என் நோட்டுக்கு ‘அம்மை போட்ட நோட்டு’ என்று பேர் வைத்தார்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் கையெழுத்து என்பது விரல் முட்டியில் இருக்கிறது, ஸ்கேலால் தட்டினால் அது கீழே இறங்கி வரும் என்று நம்பினார். தட்டுவார். அடிக்குப் பயந்து உதறலை அடக்குவேன். கவனம் பூராவும் அடக்குவதிலேயே போய்விடும். அவர் டிக்டேஷன் சொல்வது எங்கேயோ பக்கத்து ஊரில் தப்பு மேளம் அடிப்பதுபோலக் கேட்கும். பாதி வாக்கியம் விட்டுப் போகும். அதற்கும் தட்டுவார். இதற்கு நடுவில் கண் வேறு.

“என்னலே, என்னையப் பாத்தா கண்ணடிக்கிற?”

“இல்ல சார்.”

“இல்லேன்னு சொல்லிக்கிட்டே அடிக்கிறயே!”

“அது வேற சார்.”

“எது வேற? முதல்ல அடிச்சது எனக்கு, இது யாருக்கு?”

வகுப்பே உருண்டு சிரித்தது. நானும் சிரித்தேன் என்றுதான் ஞாபகம். சிரிக்கும்போது உதறல் கொஞ்சம் குறையும்.

வீட்டில் என்னைப் பெற்ற ஆத்தா உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். மிளகாய் நெடி வரவில்லை, அதனால் கண்ணேறு பெரிசு என்று தீர்மானித்து மறுபடி சுற்றினாள். இரண்டாம் தடவை நெடி கமறியது, வீடே இருமியது, என் கழுத்து தன் பாட்டுக்கு வெட்டிக்கொண்டிருந்தது. சின்னய்யாதான் ஒருநாள் வெஞ்சனத்துக்கு வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு கூழ் குடிக்கும்போது கண்டுபிடித்தார்.

“அண்ணே, இவன் வெட்டுற வெட்டு எதைப் போல இருக்கு தெரியுமா? கருப்பு கோயில்ல கெடா சிலுப்புமே, அதேதான்.”

இதைப் புரிந்துகொள்ள எங்கள் பக்கத்து வழக்கத்தைச் சொல்ல வேண்டும். கருப்பசாமிக்குக் கிடா வெட்டும் முன்னால் அதற்கு மாலை போட்டு, மஞ்சள் தண்ணீரைத் தலையிலும் முதுகிலும் தெளித்துவிட்டு எல்லோரும் காத்திருப்பார்கள். கிடா தலையைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். சிலுப்பாத கிடாவை எங்கள் ஆட்கள் வெட்டமாட்டார்கள்; எடுத்த காரியத்தில் சாமிக்கு இஷ்டமில்லை என்று வீட்டுக்கு ஓட்டிவந்துவிடுவார்கள்.

அன்றிலிருந்து என் தலை குடும்பத்துக்குப் பொதுவாகிவிட்டது. என்னை எதிரில் நிற்கவைத்து, “சோளம் விதைக்கலாமா?” என்பார்கள். சும்மா இருந்தாலே வெட்டுகிற கழுத்து, இத்தனை பேர் உற்றுப் பார்த்தால் விடுமா? வெட்டும். விதைப்பார்கள். “அந்த மாட்டை வாங்கலாமா?” வெட்டும். வாங்குவார்கள். என் தலைக்கு வேண்டாம் என்று சொல்லவே தெரியாது என்பது ஒருத்தருக்கும் தோன்றவில்லை. சின்னய்யா மேட்டுக்காட்டில் ஒரு இடத்தைக் காலால் மிதித்து, “இங்கன கெணறு வெட்டலாமா அப்பு?” என்று கேட்டார். நான் பலமாக வெட்டினேன். வெட்டினார்கள். வெடி வைத்தார்கள். பாறைக்குக் கீழே பாறை, அதற்குக் கீழே அதன் பாட்டன். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

சின்னய்யா என்னிடம் சண்டைக்கு வந்தார். அய்யா குறுக்கே நின்றார்.

“நீ என்னடா கேட்ட? வெட்டலாமான்னுதானே கேட்ட? வெட்டலாம்னு சாமி சொல்லுச்சு. தண்ணி வருமான்னு கேட்டியா?”

சின்னய்யா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஆனால் அதோடு என் பதவி போயிற்று. எனக்கு அது பெரிய நிம்மதி.

எட்டாம் வகுப்பு வந்தது. எட்டாவதில் அரசாங்கப் பரீட்சை. வேடசந்தூரில் போய் எழுத வேண்டும், முன்பின் தெரியாத யாரோ திருத்துவார்கள். தலைமையாசிரியர் அய்யாவைக் கூப்பிட்டனுப்பினார். நானும் பக்கத்தில் நின்றேன்.

“உங்க பையனுக்கு எல்லாம் தெரியுது. வாயால கேட்டா டக்குடக்குன்னு சொல்றான். ஆனா பேப்பர் திருத்துறவர் இவன் வாயைப் பாக்கப் போறதில்லை. கோழி கிளறுன குப்பை மாதிரி இருந்தா, படிக்காமலே முட்டை போட்டுட்டுப் போயிருவார்.”

“கோழின்னா முட்டைதானுங்களே சார்,” என்றார் அய்யா, மரியாதைக்கு ஏதாவது பேச வேண்டுமே என்று. வீட்டுக்கு வருகிற வழியில்தான் மெதுவாகச் சொன்னார்:

“பாஸாயிட்டா திண்டுக்கல்லு பெரிய பள்ளிக்கூடத்துல சேத்துவிடுறேன் அப்பு. இல்லாட்டி சின்னய்யாகூட ஆட்டுக்குப் போ. ஆடு கையெழுத்தப் பாக்காது.”

அய்யா இதைக் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் பயமாக இருந்தது. ஒருமுறை அவரோடு திண்டுக்கல் போனபோது அந்தப் பெரிய பள்ளிக்கூடத்தின் ஜன்னல் வழியாகக் கண்ணாடி பீரோ ஒன்றைப் பார்த்திருந்தேன். உள்ளே மேலிருந்து கீழ்வரை புத்தகம். எங்கள் ஊரில் அச்சடித்த தாள் என்றால் பாடப்புத்தகமும் கடலை மடித்த காகிதமும்தான். அந்த பீரோவைத் திறந்து பார்க்காமல் என் வாழ்க்கை ஆட்டுக்குப் பின்னால் நடந்து முடிந்துவிடுமோ என்று இருந்தது.

அய்யா தன்னால் ஆனதைச் செய்தார். கருப்புக்குக் கிடா நேர்ந்துகொண்டார். காரியம் முடிந்தபிறகு வெட்டுவதுதான் வழக்கம். அய்யா சந்தைக்காரர் இல்லையா, அவருக்கு அது சரியாகப் படவில்லை.

“அச்சாரம் குடுக்காம எவனாவது ஆட்டைப் பிடிச்சு வைப்பானா? சாமிக்கு மட்டும் எதுக்குக் கடன்? முன்னாடியே போட்டுருவோம். அதுக்குப் பெறகு செய்யாம இருக்க சாமிக்கு மனசு வராது.”

பரீட்சைக்குக் கொஞ்ச நாள் முன்னால் ஒரு காலை, எல்லோரும் காட்டோரத்துக் கருப்பு கோயிலுக்குப் போனோம். கோயில் என்றால் நாலு கல்லும் ஒரு அரிவாளும். சொந்தக்காரர்கள் கையில் சட்டியோடு வந்திருந்தார்கள். ஆத்தா வரும்போதே மசாலா அரைத்துக் கொண்டுவந்துவிட்டாள். கருங்கிடா. நேர்ச்சை எனக்காக என்பதால் அதன் கழுத்துக் கயிற்றை என்னிடம் கொடுத்திருந்தார்கள்.

பூசாரி மஞ்சள் தண்ணீரைத் தெளித்தார். கிடா தன் மாலையில் ஒரு பூவைக் கடித்துத் தின்றது. சிலுப்பவில்லை. இன்னொரு செம்பு தெளித்தார். இன்னொரு பூவைத் தின்றது.

“சாமி யோசிக்குது,” என்றார் பூசாரி.

“கெணறு ஞாபகம் வந்திருச்சோ என்னமோ,” என்றார் சின்னய்யா.

செம்பு செம்பாகத் தண்ணீர் போனது. கிடா நனைந்து பாதி உடம்பாகிவிட்டது. அதன் காதிலிருந்து தண்ணீர் சொட்டியதே தவிரத் தலை அசையவில்லை. அய்யாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் பூசாரி பக்கமாகக் குனிந்து, “இது சிலுப்பலேன்னா பரீட்சைக்கு அனுப்பலை. சாமிக்கு இஷ்டமில்லாத காரியம் நமக்கு எதுக்கு?” என்று சொன்னது எனக்குக் கேட்டது.

கண்ணாடி பீரோவின் கதவு என் மனசுக்குள் சாத்திக்கொண்டது. ஒரு ஆட்டின் கழுத்தில் போய் என் படிப்பு நிற்கிறதே! நானோ காலையிலிருந்து அடக்கிக்கொண்டிருந்தேன். இத்தனை பேருக்கு நடுவில் வெட்டக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அய்யா சொன்னதைக் கேட்டதும் பிடி நழுவிவிட்டது. கழுத்து, கண், தொண்டை, கை, எல்லாம் சேர்ந்து ஒரே உதறாக உதறின.

பின்னால் நின்ற பெண்களுக்குக் கயிறு ஆடியது மட்டும்தான் தெரிந்திருக்கிறது. குலவை போட்டுவிட்டார்கள். போட்ட குலவையைத் திரும்ப வாங்க முடியுமா? ஒரே குழப்பம்.

“கெடா சிலுப்புச்சா?”

“கெடா எங்க சிலுப்புச்சு? பையன்ல சிலுப்புனான்!”

“யார் சிலுப்புனா என்ன? ஒரே கயித்துல நிக்கிறாக. அந்தப் பக்கம் வரவேண்டியது இந்தப் பக்கம் வந்திருக்கும்,” என்றார் சின்னய்யா.

பூசாரி தாடையைத் தடவினார். “உத்தரவு வந்தது வாஸ்தவம். வந்த இடந்தான்…”

அப்போது சட்டியோடு நின்ற ஆத்தா வழிச் சொந்தக்காரர் ஒருவர், உண்மையாகவே சந்தேகம் கேட்கிற குரலில், “அப்ப யாரை வெட்டுறது?” என்றார்.

ஆத்தா பாய்ந்து வந்து என்னை இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் விட்டாள்.

“எவன்டா அவன்? கறி திங்க வந்த வாயில என்ன பேச்சுப் பேசுற? சட்டியோட அப்படியே ஓடிப் போயிரு, இல்லாட்டி அரைச்ச மசாலாவை உங்கண்ணுல அப்பிருவேன்!”

“ஒரு பேச்சுக்குக் கேட்டேன் தங்கச்சி…”

“பேச்சுக்குக் கூடக் கேக்காத!”

இவர்கள் இப்படிப் பேசிக்கொண்டிருக்க, நான் விடாத கயிற்றோடு கூடவே வந்துவிட்ட கிடாவின் கழுத்தில் என் இடது கை இருந்தது. நனைந்த ரோமத்துக்குக் கீழே தோல் மெல்ல நடுங்கியது. நின்றது. மறுபடி நடுங்கியது, இந்தத் தடவை கொஞ்சம் மேலே, காதுக்குப் பக்கத்தில். எனக்கு மேலெல்லாம் புல்லரித்துவிட்டது. ஏனென்றால் அது எனக்கு வருகிறதே, அதே குறுகுறுப்பு! வெட்டுக்கு முன்னால் என் கழுத்துக்குள் ஊர்ந்து வருமே, அதுதான் இதன் கழுத்துக்குள்ளும் ஊர்ந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில், ஊரில், சொந்தத்தில் ஒருவருக்கும் இல்லாத ஒன்று இதற்கு இருக்கிறது. பாவம், இதுவும் அடக்கிக்கொண்டு நிற்கிறது.

“இந்தா, இப்பச் சிலுப்பும் பாருங்க,” என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். கிடா தலையிலிருந்து வால் வரைக்கும் ஒரு சிலுப்புச் சிலுப்பியது. பூசாரி முகத்தில், அய்யா வேட்டியில், ஆத்தாவின் மசாலாவில், சட்டிக்காரர் சட்டியில் எல்லாம் மஞ்சள் தண்ணீர். இரண்டாவது குலவை முதலாவதைவிடப் பெரிதாக இருந்தது. பூசாரி முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். தன் வேலைக்கு ஆள் வந்துவிட்டான் என்று நினைத்திருப்பார்.

நான் கிடாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சிலுப்பி முடித்ததும் அது அசையாமல் நின்றது. தோல் நடுங்கவில்லை. காது ஆடவில்லை. பாரத்தை இறக்கி வைத்த வண்டிமாடு மாதிரி அவ்வளவு அமைதி. அதற்கப்புறம் நடந்ததை நான் பார்க்கவில்லை. ஆத்தா முந்தானையில் முகத்தை வைத்துக்கொண்டேன். மத்தியானம் இலையில் ஈரல் எனக்குத்தான் வைத்தார்கள். துக்கமாகத்தான் இருந்தது. பசியும் இருந்தது. சாப்பிட்டேன்.

கையைக் கழுவும்போது ஒன்று உறைத்தது. நான் இத்தனை வருஷமும் எழுத்து முழுக்க அடக்குகிறேன், உதறல் எழுத்துக்கு நடுவில் உடைத்துக்கொண்டு வருகிறது. கிடா மாதிரி நானே முன்னால் சிலுப்பிவிட்டு, அந்த அமைதி இருக்கிறபோது எழுதினால் என்ன?

அன்று சாயங்காலமே பேனாவை எடுத்தேன். ஒரு சொல் எழுதினேன். பேனாவைத் தாளைவிட்டு இடப்பக்கமாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, வந்ததை வரவிட்டேன். கழுத்து வெட்டியது, தோள் உதறியது, ‘க்கும்’ என்றது. போயிற்று. அடுத்த சொல். மறுபடி பேனாவைத் தள்ளி ஒரு சிலுப்பு. அடுத்த சொல். சின்னய்யா எதிரில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டே பார்த்தார்.

“ஏலே, நீ எழுதுறியா, உழவு ஓட்டுறியா? சாலுக்குச் சால் நின்னு திரும்புறயே.”

“உழவுதான் சின்னய்யா.”

“அப்ப மாட்டைப் பதனமாத் திருப்பு. என் வேட்டில மை தெறிக்குது.”

எல்லாச் சொல்லுக்கும் இது பலிக்கவில்லை. நீளமான சொல் என்றால் நடுவிலேயே வந்துவிடும்; ‘ழ’வின் வால் அப்போதும் ஊர்ப்பயணம் போகும். ‘இன்னும் ஒரு தடவை’ என்கிற உள்குரலும் ஓயவில்லை. ஆனால் சிலுப்பிவிட்டு வருவதற்குள் அதற்கு எந்த எழுத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம் என்பது பாதி நேரம் மறந்துவிடும். தலைமையாசிரியர் என் நோட்டைத் தூரத்தில் வைத்தும் கிட்டத்தில் வைத்தும் பார்த்தார். “அழகா இல்லை. ஆனா எழுத்துன்னு தெரியுது. சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்ருக்கே, அதுல ஒரு ஆள் படுத்துத் தூங்கலாம்,” என்றார். எனக்கு அதுவே பட்டம் வாங்கினது போல இருந்தது.

வேடசந்தூருக்கு அய்யாவும் கூடவே வந்தார். பரீட்சை நடக்கிற பள்ளிக்கூடத்துக்கு வெளியே கம்பி கேட்டுக்குப் பக்கத்தில் துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டார். உள்ளே என் பக்கத்தில் வேறு ஊர்ப் பையன் ஒருவன். கேள்வித்தாள் வந்தது. தெரிந்த கேள்விகள். ஒரு சொல் எழுதினேன், வலப்பக்கம் ஒரு வெட்டு. ஒரு சொல், ஒரு வெட்டு. அந்த வலப்பக்கத்தில்தான் அவனுடைய தாள் இருந்தது. இதை நான் யோசிக்கவே இல்லை.

மேற்பார்வைக்கு வந்திருந்தவர் ஒட்டன்சத்திரத்துப் பக்கத்துக்காரர். குற்றம் சாட்டுவதைக்கூட மரியாதையாகத்தான் செய்தார்.

“ஏனுங் கண்ணு, அப்பப் புடிச்சு பாத்துட்டே இருக்கறேன், ஒவ்வொரு வார்த்தைக்கும் பக்கத்துத் தாளை எட்டிப் பாத்துப்போட்டு எழுதறீங்களே, நாயமுங்களா?”

 பதில் சொல்லப் போய் அவரைப் பார்த்து ஒரு கண் வேறு அடித்துவிட்டேன். தாளைப் பிடுங்கிவிட்டால் தீர்ந்தது. ஆடு, சின்னய்யா, மேட்டுக்காடு. அப்போது பக்கத்துப் பையன் எழுந்து நின்றான். நல்ல பையன். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று அவனுக்கு என்ன தோன்றியதோ.

“சார், அவன் என்னையப் பாக்கலை சார். நான்தான் அவனை…”

அதோடு நிறுத்திக்கொண்டான். ஹால் முழுக்கச் சிரித்தது. அவர் குனிந்து அவன் தாளைப் பார்த்தார். அதில் பேரும் நம்பரும் கேள்வியும் எழுதியிருந்தது. பதில் என்று ஒன்றும் இல்லை. என் தாளைப் பார்த்தார். அந்த வெறும் தாளைப் பார்த்து இதை எழுத முடியாது என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

“உங்க எழுத்தை அவரால படிக்க முடியலீங்களாட்ட இருக்குது,” என்று அவனுக்காக வருத்தப்பட்டார். பிறகு என் கழுத்து வெட்டுவதைச் செத்த நேரம் நின்று பார்த்தார். என்ன புரிந்ததோ, வராந்தாவில் ஒரு பெஞ்சைப் போட்டு, “இங்கீன தனியா உக்காந்து எழுதுங்க சாமி. யாரும் பாக்க மாட்டாங்க,” என்றார்.

அது எனக்குக் கிடைத்த வரம். முன்னால் முதுகு இல்லை, பக்கத்தில் தாள் இல்லை. இஷ்டத்துக்குச் சிலுப்பலாம். எழுதினேன், சிலுப்பினேன், எழுதினேன்.

யாரும் பார்க்க மாட்டார்கள் என்று அவர் சொன்னது மட்டும் சரியில்லை. பாதியில் தலையைத் தூக்கியபோது கம்பி கேட்டுக்கு வெளியே அய்யா எழுந்து நின்றுகொண்டிருந்தார். என்னை வெளியே கொண்டுவந்து உட்காரவைத்ததைப் பார்த்து முதலில் பதறியிருப்பார். இப்போது துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, என் தலை ஒவ்வொரு தடவை வெட்டும்போதும் இரண்டு கையையும் தூக்கித் தலைக்கு மேல் கும்பிட்டார். நான் ஒரு சொல் எழுதிச் சிலுப்புவேன், அவர் கும்பிடுவார். அடுத்த சொல், அடுத்த கும்பிடு. சாமி இத்தனை உத்தரவை ஒரே நாளில் கொடுத்து அவர் பார்த்ததில்லை. மணி அடித்தபோது எனக்கு விரல் வலித்தது, அவருக்குத் தோள் வலித்தது.

மற்றப் பரீட்சைகளுக்கும் எனக்கு அதே பெஞ்சு, அய்யாவுக்கு அதே கேட்டு.

ரிசல்ட்டைப் பார்க்க அய்யா, சின்னய்யா, நான் மூவரும் போனோம். வேடசந்தூர்ப் பள்ளிக்கூடத்துப் பலகையில் தாள் ஒட்டியிருந்தது. ஒரே கூட்டம். அவர்கள் இருவரும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டார்கள். எழுத்து இருக்கிற இடத்துக்குக் கிட்டே போக அவர்களுக்குக் கூச்சம். நான் இடித்துப் புகுந்து என் நம்பரைத் தேடினேன். இருந்தது. மேலும் கீழும் இருக்கிற நம்பரைப் பார்த்தேன். மறுபடி என்னுடையதைப் பார்த்தேன். உள்குரல் ‘இன்னும் ஒரு தடவை’ என்றது. அன்று ஒருநாள் அதன் பேச்சைச் சந்தோஷமாகக் கேட்டேன்.

வெளியே வந்தேன். ரோட்டில் மில் பஸ் ஒன்று போய் முடிகிற வரை நிற்க வேண்டியிருந்தது. அது போனதும் எதிர்ப்பக்கத்திலிருந்து அய்யா கையை ஆட்டி, “என்னாச்சு அப்பு?” என்று கத்தினார்.

பாஸ் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சந்தோஷத்தில் தொண்டை ‘க்கும்’ என்றது. கழுத்து பலமாக ஒரு வெட்டு வெட்டியது.

அய்யா தலைத்துண்டை அவிழ்த்தார். எங்கள் ஊர் இருக்கிற திசையைப் பார்த்துத் திரும்பி, நடுரோட்டில் கும்பிட்டார்.

“ஏண்ணே, அவன் இன்னும் வாயவே தெறக்கலையே! என்ன ஏதுன்னு கேக்காமக் கும்பிடுற?” என்றார் சின்னய்யா.

“அதான் தலைய ஆட்டிட்டானே.”

“இவன் தலை எதுக்குத்தான் ஆடலை? எங்கெணத்துக்கும் ஆடுச்சு!”

ரோட்டைத் தாண்டி ஓடிப்போய் அய்யாவின் கையைப் பிடித்தேன். ஃபெயிலாகியிருந்தாலும் என் தலை அப்படியேதான் ஆடியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். அதை அவரிடம் சொல்லவில்லை.

“பாஸ் அய்யா,” என்றேன்.

“அதான் ஒருதரம் சொல்லிட்டியேப்பு,” என்றார் அவர். “வா, திண்டுக்கல்லு பஸ் எங்கன நிக்கும்னு கேட்டு வச்சுக்குவோம்.”